பிரிட்ஜைத் திறந்து பார்க்கும் வேலை

எனக்குப் பிரியாவிடை நடந்த அன்று, ரண்டர்ஸில் எங்கள் அலுவலகச் சாப்பாட்டு அறையில் கேக்கின் மேல் ஒரு குட்டி டென்மார்க் கொடி குத்தியிருந்தது. இந்த நாட்டில் பிறந்தநாளுக்கும் கொடி, ஓய்வுக்கும் கொடி, நாய்க்குட்டி வாங்கினாலும் கொடி. கூடவே பாட்டும் உண்டு. ஓய்வு பெறுகிறவரைப் பற்றிக் கூட வேலை செய்தவர்களே பாட்டுக் கட்டி, எல்லோருக்கும் தெரிந்த ஒரு மெட்டில் போட்டு, தாளில் அச்சடித்துக் கையில் தந்துவிடுவார்கள். என் பாட்டில், ரஞ்சினி காரை நிறுத்தும் அழகைப் பற்றி ஒரு பந்தி இருந்தது. ரஞ்சினியின் கறிவேப்பிலை வாசம் அலுவலக மைக்ரோவேவை விட்டு இனி எந்தக் காலமும் போகாது என்று இன்னொரு பந்தி. நானும் எழுந்து நின்று என்னைப் பற்றி நானே பாடினேன். தாளைத் தந்த பிறகு என்ன செய்வது?

பாட்டு முடிந்ததும் அபிரா வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். ஹேர்னிங்கில் பிறந்து வளர்ந்த பிள்ளை. உதவித் தாதிப் படிப்பில் பாதி தாண்டி, பயிற்சிக்காக எங்களிடம் வந்திருந்தாள். கேக்கைக் கரண்டியால் கிண்டிக்கொண்டே கேட்டாள்.

“அன்ரி, அம்மா சொல்லுறா, இதைப் படிச்சால் கடைசிவரைக்கும் பிளையெம்தானாம். மெய்யே?”

பிளையெம் என்றால் முதியோர் இல்லம். டென்மார்க்கில் உள்ள தமிழருக்கு அது முழுத் தமிழ்ச் சொல். “அவ பிளையெமில வேலை” என்று சொன்னால், அதற்கு மேல் ஒரு விளக்கமும் யாரும் கேட்பதில்லை. நான் என் பங்குக்கு ஒரு பெரிய விரிவுரை ஆற்றலாம் என்று தொண்டையைச் செருமினேன். அதற்குள் யாரோ கோப்பி கொண்டுவந்தார்கள், அபிராவை யாரோ கூப்பிட்டார்கள், விரிவுரை தொண்டையிலேயே நின்றுவிட்டது. அதைத்தான் இத்தனை காலம் கழித்து இங்கே எழுதுகிறேன். என் கணவர் செல்வன் இருந்திருந்தால் முதலில் வாசித்துவிட்டு, “இவ்வளவு நீளம் ஏனப்பா” என்று கேட்டிருப்பார். அவர் போன பிறகு என்னைச் சுருக்கச் சொல்ல ஆள் இல்லை. வாசிப்பவர்கள்தான் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

எங்கள் வேலைக்கு இங்கே சோசு அசிஸ்டன்ட் என்று பெயர். டொக்டருக்குக் கீழே தாதி, தாதிக்குக் கீழே நாங்கள். ஊசி போடலாம், மருந்து கொடுக்கலாம், புண்ணைக் கட்டலாம். அதற்கு அரசாங்கத்தின் அனுமதியும் உண்டு. இதையெல்லாம் கலியாண வீடுகளில் எத்தனையோ தரம் விளக்கியிருக்கிறேன். கேட்டு முடித்துவிட்டு, “ஓ, கிழவர் கழுவுற வேலை” என்பார்கள். பிறகு அவர்கள் வீட்டில் ஒருவருக்கு இரத்த அழுத்தம் ஏறினால், முதலில் தொலைபேசி எடுப்பது எனக்குத்தான்.

படித்த காலத்தைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. ஹேர்னிங்கில் நான் வேலை செய்த தையல் தொழிற்சாலை இயந்திரங்களைக் கட்டிக்கொண்டு போலந்துக்குப் போனது. என்னை யாரும் கட்டிக்கொண்டு போகவில்லை என்பதால் பள்ளிக்கூடத்துக்குப் போனேன். ரப்பர் பொம்மையைக் குளிப்பாட்டினோம், தோடம்பழத்துக்கு ஊசி போட்டோம். உடம்பில் உள்ள எலும்பையெல்லாம் டேனிஷில் பாடமாக்கினேன். இரவுச் சாப்பாட்டின்போது செல்வன் கோழிக்காலைத் தூக்கிப் பிடித்து, “இதுக்கு என்ன பேர்?” என்று கேட்பார். அப்படியே பாஸ் பண்ணிவிட்டேன்.

முதலில் முதியோர் இல்லம்தான். அதை நான் குறை சொல்லப் போவதில்லை. ஆனால் சில வருடங்களில், எல்லோருக்கும் எப்போது எந்த மருந்துக் குளிசை, யார் எந்தக் கதிரையில் இருந்தால் யார் கோபிப்பார் என்பதெல்லாம் கண்ணை மூடிக்கொண்டு சொல்லும் அளவுக்கு வந்தபோது, கொஞ்சம் வெளியே எட்டிப் பார்க்கலாம் என்று தோன்றியது. செல்வனுக்கு ஓல்போர்க்கில் வேலை கிடைத்தது. நானும் அங்கே ஓர் ஆஸ்பத்திரியின் எலும்பு வார்டுக்குப் போனேன். இடுப்பு எலும்பு மாற்றியவர்களைச் சத்திரசிகிச்சை முடிந்த கையோடு எழுப்பி நடக்கவிடுவது என் பொறுப்பு. எங்கள் ஆட்கள் என்றால் ஒரு மாதம் படுக்கவைத்துக் கோழி சூப் கொடுப்பார்கள். இங்கே, “எழும்புங்கோ, ரொய்லெட் வரைக்கும் போவம்” என்று நான் நிற்பேன். என்னைத் திட்டாத நோயாளி அந்த வார்டில் இருந்ததில்லை. வீட்டுக்குப் போகும்போது மட்டும் கையைப் பிடித்துக் குலுக்கிவிட்டுப் போவார்கள்.

பிறகு மனநல வார்டு. “ரஞ்சி விசர் ஆஸ்பத்திரிக்குப் போட்டாள்” என்ற செய்தி என்னைவிட வேகமாகப் பயணம் செய்தது. என்னோடு படித்த ஒருத்தி சிறைச்சாலை மருத்துவப் பகுதியில் வேலைக்குச் சேர்ந்தபோது, அவள் என்ன குற்றம் செய்தாள் என்று என்னிடமே விசாரித்தவர்கள் உண்டு. என் கதி அவ்வளவு மோசமில்லை. அந்த வார்டில் ஒரு நாள் காலை முழுவதும், யாரோடும் கதைக்காத ஓர் இளைஞனோடு இருந்து சீட்டு விளையாடினேன். நான்தான் தோற்றேன். அவன் கடைசியில் “இன்னொரு தரம்” என்றான். அவன் வார்டுக்கு வந்த பிறகு சொன்ன முதல் வார்த்தை அதுதானாம். அன்று பின்னேரம் செல்வன், “இண்டைக்கு வேலை எப்பிடி?” என்று கேட்டார். “சீட்டு விளையாடினனான்” என்றேன். அவர் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, “நாங்கள் தொழிற்சாலையில இதைச் செய்தால் கலைச்சுப்போடுவினம்” என்றார்.

நான் சொல்ல வந்தது இவற்றையல்ல. ரண்டர்ஸுக்கு இடம் மாறி, வீடு வீடாகப் போகும் தாதிமார் குழுவில் சேர்ந்த கதையைச் சொல்ல வேண்டும்.

அந்தக் குழுவின் மூத்த தாதி பிர்கிட். உயரம், வெட்டிய நரைமுடி, கழுத்தில் நூலில் தொங்கும் கண்ணாடி. எல்லோரும் காரில் போக, அவர் பனியிலும் சைக்கிளில் போவார். வந்து சேர்வதும் எங்களுக்கு முன்னால். பெயர் சொல்லித்தான் கூப்பிட வேண்டும் என்றார். எனக்கு வாய் வரவில்லை. முதல் வாரம் முழுவதும் அவரைக் கூப்பிட வேண்டிய இடத்திலெல்லாம் இருமி வைத்தேன். கடைசியில், “ரஞ்சினி, உனக்கு நெஞ்சுச் சளியா?” என்று கேட்டுவிட்டார். அன்று முதல் பிர்கிட்.

ஊசி போடுவதை அவர் எனக்குத் திரும்பவும் முதலில் இருந்து காட்டினார். நான் வருடக்கணக்காக இன்சுலின் போட்டவள் என்பது அவரைப் பாதிக்கவில்லை. இரத்தம் எடுக்க விரலின் நுனியில் குத்தாதே, பக்கவாட்டில் குத்து, நுனி அவர்களுக்குத் தொட்டுப் பார்க்க வேண்டும். பேனா ஊசியை முதலில் காற்றில் கொஞ்சம் அழுத்திப் பார், துளி வருகிறதா என்று பார். தோலை மெதுவாகக் கிள்ளிப் பிடி. போட்ட உடனே இழுத்துவிடாதே, பத்து வரை எண்ணு. நேற்றுப் போட்ட இடத்தில் இன்று போடாதே. இதெல்லாம் புத்தகத்தில் உள்ளதுதான். புத்தகத்தில் இல்லாதது இரண்டு.

முதலாவது, “ஆம் என்று பதில் வரக்கூடிய கேள்வியைக் கேட்காதே. ஆம் சொல்வது எல்லோருக்கும் சுலபம்” என்பார். மருந்து எடுத்தீர்களா என்று அவர் கேட்கமாட்டார். காலையில் எந்த நிற மாத்திரை எடுத்தீர்கள் என்று கேட்பார். சாப்பிட்டீர்களா என்று கேட்கமாட்டார். கடைசியாக என்ன சாப்பிட்டீர்கள், எந்தத் தட்டில் என்று கேட்பார். கேட்டுவிட்டுப் பேசாமல் இருப்பார். அந்த மௌனத்தைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

இரண்டாவது, பிரிட்ஜ். எந்த வீட்டுக்குள் போனாலும் அனுமதி கேட்டுவிட்டு நேரே போய் பிரிட்ஜைத் திறப்பார். பாலின் திகதி, காய்ந்துபோன சீஸ், தொடப்படாத ஹெரிங் மீன் போத்தல், எல்லாவற்றையும் நிதானமாகப் பார்ப்பார். வெறுமையாக இருந்தாலும் கவனிப்பார், நிறைந்து கிடந்தாலும் கவனிப்பார். நானும் பழகிக்கொண்டேன். டேனிஷ் வீடுகளில் என் சொந்த பிரிட்ஜ் போலத் திறந்து பார்த்தேன்.

அப்போதுதான் பரமேஸ்வரி அக்கா எங்கள் பட்டியலில் வந்தார். அது அவருடைய உண்மைப் பெயர் அல்ல. அவருடைய மகள் சம்மதித்த பிறகே இதை எழுதுகிறேன். கணவரை இழந்தவர், தனியாக ஓர் அடுக்குமாடி வீட்டில் இருந்தார். சீனி வருத்தம். காலையில் ஒருவர் போய் இரத்தத்தில் சீனி பார்த்து இன்சுலின் போட வேண்டும். ஒரே மகள் வாசுகி, ஓல்போர்க்கில் ஓர் ஆய்வுகூடத்தில் வேலை. ஒவ்வொரு வியாழன் இரவும் காரில் வந்து, சமைத்த சாப்பாட்டை ஐஸ்கிரீம் டப்பாக்களில் அடுக்கிவிட்டுப் போவாள்.

“தமிழ் வீடு, நீதான் போக வேண்டும்” என்று பிர்கிட் என்னிடம் கொடுத்தார். எனக்குப் பெருமை தாங்கவில்லை. போனேன். வேலைச் சப்பாத்தைக் கழற்றக் கூடாது என்பது விதி. சாமிப்படம் தெரியும் வாசலில் சப்பாத்தோடு நிற்க முடியுமா? நான் தேவாலயத்துக்குப் போகிறவள்தான், ஆனாலும் யாழ்ப்பாணத்தில் பிறந்தவள். கழற்றினேன். அக்கா தேத்தண்ணி போட்டார். இருந்து குடித்தேன்.

“சாப்பிட்டனீங்களே அக்கா?”

“ஓம் பிள்ளை, விடியவே சாப்பிட்டாச்சு. நீர் சாப்பிட்டனீரே?”

“ஓம் அக்கா.”

நான் சாப்பிட்டிருக்கவில்லை. ஆனால் அதையா சொல்வது? சொன்னால் அந்த மனுசி எழும்பிப் போய் இடியப்பம் அவிக்கத் தொடங்கிவிடும். நம்மில் யார் யாரிடம் கேட்டாலும் இதற்கு ஒரே பதில்தான். பிர்கிட் சொன்ன கேள்விகளெல்லாம் டேனிஷ் மொழியில் எனக்கு மணிமணியாக வரும். அக்காவுக்கு முன்னால், “கடைசியாக எந்தத் தட்டில் சாப்பிட்டீர்கள்” என்று ஒரு பொலிஸ்காரி மாதிரிக் கேட்க நாக்கு எழவில்லை. பிரிட்ஜோ, கேட்கவே வேண்டாம். வயதில் மூத்த தமிழ்ப் பெண்ணின் குசினிக்குள் போய் பிரிட்ஜைத் திறந்தால், அன்று பின்னேரமே தமிழர் கூடி வாழும் ஹேர்னிங் வரை கதை போய்விடும்.

சீனி பார்ப்பேன், ஊசி போடுவேன், பத்து வரை எண்ணுவேன், மிச்சத் தேத்தண்ணியைக் குடித்துவிட்டு வருவேன். நான் போகாத நாட்களில் வேறு யாராவது போவார்கள். அவர்களும், “அக்கா சாப்பிட்டார்” என்ற என் குறிப்பை வாசித்துவிட்டு ஊசி போடுவார்கள். எல்லாம் நன்றாகவே நடந்தது, ஒரு மத்தியானம் பக்கத்து வீட்டு டேனிஷ்காரர் அக்காவை மாடிப்படியில் காணும்வரை. இடம்வலம் மாறிச் சப்பாத்துப் போட்டபடி, வேர்த்து ஒழுக, காரணமில்லாமல் சிரித்துக்கொண்டு இருந்தாராம். சீனி மிகவும் இறங்கியிருந்தது. அம்புலன்ஸ் வந்தது. கொஞ்ச நாளில் திரும்பவும் அதேபோல், துப்புரவு செய்யப் போன பெண் அவரைக் குசினித் தரையில் கண்டாள்.

வாசுகி நடுங்கிப்போனாள். அம்மாவுக்கு மறதி தொடங்கிவிட்டது, சாப்பிட மறக்கிறார், அல்லது மறந்து இன்னொரு ஊசி தானே போடுகிறார் என்று அவளுக்குத் தோன்றியது. அவளைக் குறை சொல்ல முடியாது. எங்களுக்கும் அப்படித்தான் தோன்றியது. அம்மாவுக்கு முதியோர் இல்லத்தில் இடம் வேண்டும் என்று நகரசபையிடம் கேட்டாள். அதற்குப் பொறுப்பான அதிகாரி அடுத்த வாரம் வீட்டுக்கு வந்து பேசுவதாக ஏற்பாடாயிற்று.

அடுத்த நாள் காலை அக்கா எனக்குத் தேத்தண்ணி தரவில்லை. அது அவருடைய வாழ்க்கையில் முதல் தடவையாக இருந்திருக்கும்.

“பிள்ளை, என்னைக் கொண்டுபோய் அங்கை விட்டால் நான் ஆரோடை கதைக்கிறது? விளக்கு ஏத்த விடுவினமே? நெருப்பு எண்டு கத்துவினம்.”

“அங்கையும் நல்ல ஆக்கள் அக்கா. நானே வேலை செய்தனான்.”

“நீர் வேலை செய்துபோட்டு வீட்டை வந்தனீர்தானே.”

இந்த வீட்டிலேயே இருக்க வேண்டும் என்பதைத் தவிர அந்த மனுசிக்கு வேறு ஒரு ஆசையும் இல்லை. அலுவலகத்துக்குப் போய் பிர்கிட்டிடம் சொன்னேன். அவர் கேட்டது ஒன்றுதான்.

“அவருடைய பிரிட்ஜில் என்ன இருக்கிறது?”

நான் இருமினேன். பிர்கிட் கண்ணாடியைக் கழற்றினார்.

வெள்ளிக்கிழமை இருவரும் போனோம். பிர்கிட் சப்பாத்தைக் கழற்றாமல், பையில் இருந்து நீல நிற பிளாஸ்டிக் உறையை எடுத்து அதன் மேல் மாட்டிக்கொண்டார். நல்ல உத்தி. எனக்குத் தோன்றவில்லை. சீனி பார்த்தேன், காலைக்குச் சரியாகவே இருந்தது. ஊசியைக் கையில் எடுத்தபோது, “கொஞ்சம் பொறு” என்றார். அக்காவிடம் டேனிஷில் அனுமதி கேட்டார். அக்காவும் பழக்க தோஷத்தில் ஆம் என்று சொல்லிவிட்டார். பிர்கிட் பிரிட்ஜைத் திறந்தார். அக்காவின் முகம் போன போக்கை என்னால் எழுத முடியாது.

பிரிட்ஜ் நிறைந்திருந்தது. வாசுகியின் டப்பாக்கள் வரிசையாக இருந்தன. பிர்கிட் ஒவ்வொன்றாக வெளியே எடுத்து மூடியைத் திறந்து என்னிடம் காட்டினார். “இது என்ன? எப்போது செய்தது?” இடியப்பம் ஓரமெல்லாம் காய்ந்து சுருண்டிருந்தது. கத்தரிக்காய்க் கறியில் கரண்டி பட்ட அடையாளமே இல்லை. பருப்பு கட்டிபட்டு மேலே எண்ணெய் உறைந்திருந்தது. வியாழன் இரவு வாசுகி வைத்துவிட்டுப் போன பிறகு யாரும் எதையும் தொடவில்லை என்று சொன்னேன். பிர்கிட் தட்டுக் காயவைக்கும் இடத்தைப் பார்த்தார். ஒரே ஒரு தண்ணீர்க் குவளை கவிழ்த்து வைத்திருந்தது.

“ஏன் என்று எனக்குத் தெரியவில்லை. ஆனால் இவர் இன்று சாப்பிடவில்லை, இனியும் சாப்பிட நினைக்கவில்லை” என்றார்.

எனக்கு அப்போதுதான் அக்காவைப் பார்க்கத் தோன்றியது. தலை முழுகி ஈரக் கூந்தலை நுனியில் முடிந்திருந்தார். நெற்றி நிறையத் திருநீறு. சாமிப்படத்துக்குப் புதிதாகப் பூ வைத்து, பக்கத்தில் உரிக்காத வாழைப்பழம். வெள்ளிக்கிழமை. எனக்கு வெள்ளிக்கிழமை என்றால் பின்னேரம் ஜெபக் கூட்டம், அதற்கு மேல் ஒன்றும் தோன்றுவதில்லை. அவருக்குச் சீனி இறங்கிய இரண்டு நாளும் வெள்ளிதான்; வெறும் வயிற்றில் இன்சுலின் போட்டிருக்கிறோம்.

“அக்கா, விரதமே?”

அக்கா கதிரையில் இருந்தார். சேலைத் தலைப்பைச் சுருட்டிச் சுருட்டி அவிழ்த்தார்.

“பொழுதுபட விளக்கேத்திப்போட்டுத்தான் சாப்பிடுறனான். ஊசி ஊசிதானே போடுறீங்கள், அதுக்கும் விரதத்துக்கும் என்ன? சாப்பிடாட்டிச் சீனி குறையும், அது வருத்தத்துக்கும் நல்லம் எண்டுதான் நினைச்சனான்.”

“ஏனக்கா எனக்குச் சொல்லேல்லை?”

“வீட்டுக்கு வந்த பிள்ளைக்கு நான் சாப்பிடேல்லை எண்டு சொல்லுறதே?” பிறகு குரலைத் தாழ்த்தினார். “நேர்த்தி பிள்ளை. வாசுகிக்கு ஒரு குழந்தை கிடைக்கவேணும் எண்டு. அந்தக் கதையை எடுத்தாலே அவளுக்குக் கோவம் வரும். அவளுக்குச் சொல்லிப்போடாதையும்.”

பிர்கிட்டுக்கு மொழிபெயர்த்தேன். அன்று ஊசி போடவில்லை. அவர் டொக்டருக்குத் தொலைபேசியில் சொல்லி, அன்றைக்கு என்ன செய்வது என்று கேட்டார். கீழே இறங்கி சைக்கிளைத் திறந்தபடி என்னிடம் சொன்னார்: “அவர் விரதம் இருக்கிறார் என்பதை மறைக்க முடியாது. ஏன் இருக்கிறார் என்பது அவருடைய விஷயம். அதிகாரி வரும் கூட்டத்தில் முதலில் அவரே சொல்லட்டும். சொல்லாவிட்டால் நான் சொல்வேன். நீ இடையில் பேசாதே.”

கடைசி வார்த்தைதான் எனக்குக் கஷ்டம்.

கூட்டம் அக்காவின் குசினி மேசையில் நடந்தது. மடிக்கணினியோடு அதிகாரி, கண் சிவந்த வாசுகி, பிர்கிட், நான். அக்கா விடிய எழும்பி வடை சுட்டிருந்தார். முதியோர் இல்லத்துக்கு அனுப்ப வந்தவருக்கும் வடை கொடுக்கிற சனம் நாங்கள்.

அதிகாரி நல்ல பெண். மெதுவாகக் கேட்டார். அன்று என்ன நடந்தது என்று நினைவிருக்கிறதா? அக்கா இல்லை என்றார். அதற்கு முன் என்ன செய்தீர்கள் என்று நினைவிருக்கிறதா? இல்லை. மருந்து, ஊசி எல்லாம் சில நேரம் குழம்புகிறதா? அக்கா வாசுகியைப் பார்த்தார். “ஆம்” என்றார். அதிகாரி தட்டச்சுச் செய்தார். மகளுக்கு நோகக் கூடாது என்பதற்காக, நல்ல நினைவோடு இருக்கிற மனுசி தன்னை மறதிக்காரி என்று எழுதவிட்டு, தன் வீட்டையே விட்டுக்கொடுக்கப் பார்க்கிறார். என் வாய் தானாகத் திறந்தது. பிர்கிட் பார்த்த பார்வையில் ஒரு முழு வடையை எடுத்து வாய்க்குள் அடைத்துக்கொண்டேன்.

பிர்கிட் கோப்பியை ஒரு மிடறு குடித்தார். “பரமேஸ்வரி, போன வெள்ளிக்கிழமை மத்தியானம் என்ன சாப்பிட்டீர்கள்?” என்று கேட்டார்.

பிறகு அந்த மௌனம். தமிழர் நாலு பேர் இருக்கும் இடத்தில் இப்படி ஒரு மௌனம் வந்தால், யாராவது ஒருவர் வெயில் எறிக்குது என்றாவது சொல்லுவார். பிர்கிட் சொல்லமாட்டார். கோப்பை விளிம்பைப் பார்த்துக்கொண்டு, இந்த உலகத்தில் தனக்கு வேறு ஒரு வேலையும் இல்லை என்பதுபோல இருந்தார். பிரிட்ஜ் உறுமுவது கேட்டது. நான் இரண்டாவது வடையைக் கையில் எடுத்தேன்.

“ஒன்றும் இல்லை” என்று அக்கா டேனிஷில் சொன்னார். “வெள்ளிக்கிழமை நான் சாப்பிடுவதில்லை.” பிறகு மகள் பக்கம் திரும்பி, தமிழில்: “உனக்காகத்தான். ஒரு பிள்ளை கிடைக்கட்டும் எண்டு.”

வாசுகி கோபிக்கவில்லை. இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டாள்.

“அம்மா, நாங்கள் அதை எப்பவோ விட்டிட்டம். இனி ஆஸ்பத்திரிக்குப் போறேல்லை எண்டு முடிவெடுத்திட்டம். உங்களுக்குச் சொன்னால் தாங்கமாட்டீங்கள் எண்டு சொல்லேல்லை.”

“அப்ப நான் இவ்வளவு நாளும்...”

“ஓம். நீங்கள் பசியோடை இருந்தனீங்கள். நான் வெள்ளிக்கிழமையில சாப்பிடச் சொல்லிக் கறி வைச்சுக்கொண்டு இருந்தனான்.”

அதில் சிரிக்க என்ன இருந்தது என்று தெரியவில்லை. அக்காதான் முதலில் சிரித்தார். பிறகு இருவரும் கட்டிப்பிடித்து அழுதார்கள். அதிகாரி என்னைப் பார்த்து, என்ன சொன்னார்கள் என்று கேட்டார். “குடும்ப விஷயம். மறதி ஒன்றும் இல்லை, விரதம்” என்று வடைத்தூளோடு சொன்னேன். அவர் தட்டியதை அழிக்கும் சத்தம் என் காதுக்கு நல்ல சங்கீதமாக இருந்தது.

பிரச்சினை அதோடு முடியவில்லை. விரதத்தை விடமாட்டேன் என்றார் அக்கா. குழந்தைக்கு இல்லாவிட்டால் மகளின் சுகத்துக்கு. “இதை யார் தீர்மானிப்பது?” என்று பிர்கிட் உண்மையான அக்கறையோடு கேட்டார். வாசுகி ஹேர்னிங்கில் உள்ள கோயில் ஐயருக்குத் தொலைபேசி எடுத்து மேசையில் வைத்தாள். வருத்தக்காரர் பால் பழம் எடுத்தால் விரதம் கெடாது என்று ஐயர் தீர்ப்புச் சொன்னார். ஜெபக் கூட்டத்துக்குப் போகிற நான் அதை டேனிஷில் மொழிபெயர்க்க, தேவாலயப் பக்கமே போகாத பிர்கிட் அதைக் கவனமாக எழுதிக்கொண்டார். தொலைபேசியை வைக்க முன் ஐயர் தன் சீனியின் அளவைச் சொல்லி, அது அதிகமோ என்று என்னிடம் கேட்டார். அதிகம்தான்.

டொக்டர் இன்சுலினை மாற்றி, வெள்ளிக்கு வேறு அளவு எழுதினார். வெள்ளிக்கிழமையில் யார் போனாலும், அக்கா பால் குடித்துப் பழம் சாப்பிடுவதைப் பார்த்த பிறகுதான் ஊசி. எங்கள் டேனிஷ் பெண்கள் நன்றாகப் பழகிக்கொண்டார்கள். வாசலிலேயே, “வெள்ளிக்கிழமை, பால் எங்கே?” என்று கேட்டுக்கொண்டு நுழைவார்கள். அக்கா கடைசிவரை அந்த வீட்டிலேயே இருந்தார், விளக்கும் எரிந்தது. குழந்தை பிறக்கவில்லை. வாசுகி ஒரு நாய் வளர்த்தாள். முதலில் அதை வாசலைத் தாண்ட விடாத அக்கா, பிறகு அதற்கென்று தனியாக ஓர் ஐஸ்கிரீம் டப்பா வைத்துக்கொண்டார்.

இனி அபிராவின் கேள்விக்கு வருகிறேன். பிள்ளை, பிளையெம் மட்டும் இல்லை. எலும்பு வார்டு இருக்கிறது, திட்டு வாங்கலாம். மனநல வார்டு இருக்கிறது, சீட்டில் தோற்கலாம். சிறைச்சாலை இருக்கிறது, ஊரில் பெயர் கெடும். சிறுநீரகம் பழுதானவர்களுக்கு இரத்தம் சுத்திகரிக்கும் இடம் இருக்கிறது, ஒரே ஆட்களை வாரம் முழுக்கப் பார்த்து அவர்கள் பேரப்பிள்ளைகளின் பெயரெல்லாம் பாடமாகும். வீடு வீடாகப் போகும் வேலையும் இருக்கிறது. இப்படி எழுதி முடித்துப் போன மாதமே பத்திரிகைக்கு அனுப்பியிருப்பேன். அதற்குள் என் முழங்கால் குறுக்கே வந்தது.

முழங்கால் மாற்றினார்கள். எலும்பு வார்டில் நான் எத்தனையோ பேருக்குச் செய்ததை எனக்கும் செய்தார்கள். எழும்பி நட என்றார்கள், நானும் நன்றாகத் திட்டினேன். ஏற்கெனவே இருந்த சீனி சத்திரசிகிச்சையோடு ஏறியது. கொஞ்சக் காலத்துக்கு இன்சுலின் என்றார்கள். குனிய முடியாது, புண்ணும் கட்ட வேண்டும். காலையில் வீட்டுக்கு ஆள் வரும் என்றார்கள்.

மணி அடித்தது. கதவைத் திறந்தால் அபிரா, சட்டையில் எங்கள் குழுவின் அடையாள அட்டை. படிப்பை முடித்து அங்கேயே வேலைக்கு வந்துவிட்டாள். சப்பாத்தில் நீல உறையை மாட்டிக்கொண்டு உள்ளே வந்தாள்.

“சாப்பிட்டனீங்களே அன்ரி?”

“ஓம் பிள்ளை. நீர் சாப்பிட்டனீரே?”

“ஓம் அன்ரி.”

விரலின் பக்கவாட்டில்தான் குத்தினாள். கவனித்தேன். பேனா ஊசியை எடுத்தாள், காற்றில் அழுத்தித் துளி பார்த்தாள். பிறகு என்ன நினைத்தாளோ, அதை மேசையில் வைத்துவிட்டுக் குசினித் தொட்டியைப் பார்த்தாள். அங்கே ஒரு கோப்பை மட்டும் கிடந்தது. எழும்பினாள்.

“அன்ரி, உங்கட பிரிட்ஜைத் திறக்கலாமே?”

“அதுக்குள்ள என்ன கிடக்கு பிள்ளை, இரும், தேத்தண்ணி...”

திறந்துவிட்டாள். தேவாலயத்துச் சகோதரிமார் கொண்டுவந்து வைத்த சாப்பாடெல்லாம் அலுமினியத் தாளில் சுற்றியபடி அப்படியே இருந்தது. புட்டு, மீன்குழம்பு, யாரோ ஒருவரின் லசானியா. அபிரா கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். பிரிட்ஜ் உறுமியது. அந்த மௌனத்தை மற்றவர்களுக்குப் போடும்போது இருந்த சுகம், நமக்குப் போடும்போது இல்லை.

செல்வன் போன பிறகு ஒரு ஆளுக்குச் சூடாக்க எனக்கு மனம் வருவதில்லை. அவர் இருந்த பக்கத்தைப் பார்த்துக்கொண்டு சாப்பிட முடிவதில்லை. பசி வந்தால் ஒரு பிஸ்கற், ஒரு தேத்தண்ணி. இதை நான் தூரத்தில் இருக்கும் என் பிள்ளைகளுக்கும் சொன்னதில்லை. பரமேஸ்வரி அக்கா அன்று அந்த மேசையில் ஒரு வார்த்தை சொல்ல எவ்வளவு பாடுபட்டிருப்பார் என்று எனக்கு இப்போதுதான் விளங்கியது. எனக்கு அடைத்துக்கொள்ள ஒரு வடையும் இல்லை.

“நான் சாப்பிடேல்லை” என்றேன்.

அபிரா புட்டையும் மீன்குழம்பையும் வெளியே எடுத்தாள்.

“நானும் சாப்பிடேல்லை அன்ரி” என்றாள். அலுமாரியைத் திறந்து இரண்டு தட்டு எடுத்து வைத்தாள்.